ஹோம் லோன் கட்ட முடியலைன்னா வீடு எத்தனை நாள்ல போகும்? சர்ஃபேசி சட்டம்: சம்பளக்காரர்களுக்கு ஒரு பாடம்



கோவில்பட்டியில் இருந்து திருநெல்வேலிக்கு நான்குவழிச் சாலையில் போகும்போது கயத்தாறு வரும். கட்டபொம்மன் நினைவிடம், அதைத் தாண்டிப் பார்த்தால் கரிசல் காடு முழுக்கக் காற்றாலை. இப்போ அந்தக் காற்றாலைகளுக்கு நடுவே புதுசு புதுசா மாடி வீடுகளும் தெரியும். அதில் பல வீடுகளின் கதை ஒன்றுதான். அப்பா பெயரில் ஐந்து சென்ட் மனை. மகனோ மகளோ சென்னையில், பெங்களூரில் வேலை. "வாடகை கொடுக்கிற காசுக்கு ஊர்ல ஒரு வீட்டைக் கட்டிருவோம்" என்று ஒரு ஹோம் லோன்.

சம்பளம் வரும்வரை எல்லாம் சரி. வேலை போனால்?

"மூணு மாசம் கட்டலைன்னா பேங்க் வீட்டை எடுத்துரும்" என்பது நாம் எல்லாரும் கேட்ட கதை. அது பாதி உண்மைதான். மூன்று மாதத்தில் வீடு போகாது. ஆனால் மூன்று மாதத்தில் வேறு ஒன்று போய்விடும். அது என்ன, அதற்குப் பிறகு சட்டம் உங்களுக்கு எந்தெந்தக் கட்டத்தில் எத்தனை நாள் தருகிறது, அந்த நாள்களில் நீங்கள் என்ன செய்யலாம் என்பதுதான் இன்றைய பாடம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடனில் மாட்டிய வீட்டைக் காப்பாற்ற நம் நாட்டில் அரசு பணம் தருவது அபூர்வம். அரசு தருவது நாள்கள். அந்த நாள்களை எண்ணத் தெரிந்தவர் தப்பிக்கிறார். தெரியாதவர் நோட்டீஸை பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்.

முதலில் ஒரு கணக்கு

25 லட்சம் கடன், 9% வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். இ.எம்.ஐ. 22,493 ரூபாய். முதல் மாத இ.எம்.ஐ.யில் 18,750 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 3,743 ரூபாய்தான்.

இரண்டு வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிறீர்கள். மொத்தம் கட்டியது சுமார் 5.40 லட்சம். மீதி அசல் எவ்வளவு? சுமார் 24.02 லட்சம். அதாவது 5.40 லட்சம் கட்டி, அசலில் ஒரு லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் கழிந்திருக்கிறது.

இந்தக் கட்டத்தில் வேலை போகிறது என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

90 நாள் கணக்கு எப்படி ஓடுகிறது?

ரிசர்வ் வங்கி விதிப்படி, பாக்கி விழுந்த நாளில் இருந்தே உங்கள் கணக்குக்கு ஒரு முத்திரை விழும்.

• முதல் 30 நாள் வரை: எஸ்.எம்.ஏ. 0
• 31 முதல் 60 நாள்: எஸ்.எம்.ஏ. 1
• 61 முதல் 90 நாள்: எஸ்.எம்.ஏ. 2
• 90 நாளைத் தாண்டினால்: என்.பி.ஏ., அதாவது வாராக்கடன்

மார்ச் 31 அன்று கட்ட வேண்டிய தவணையை நீங்கள் கட்டவில்லை என்றால், அன்று இரவே எஸ்.எம்.ஏ. 0. ஏப்ரல் 30-ல் எஸ்.எம்.ஏ. 1. மே 30-ல் எஸ்.எம்.ஏ. 2. ஜூன் 29-ல் என்.பி.ஏ.

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். ஜூன் 28 அன்று உங்கள் பிரச்சினையின் அளவு என்ன? மார்ச், ஏப்ரல், மே என மூன்று தவணை: 67,479 ரூபாய், கூடவே அபராதக் கட்டணம். நகையை வைத்தோ, பி.எஃப்.பில் எடுத்தோ புரட்டிவிடலாம். என்.பி.ஏ. ஆகி நோட்டீஸ் வந்த பிறகு வங்கி கேட்பது அந்த 67 ஆயிரத்தை அல்ல. மொத்தக் கடனையும். 24 லட்சத்துக்கு மேல்.

மூன்று மாதத்தில் போவது வீடு அல்ல, "தவணையாகக் கட்டலாம்" என்ற உங்கள் வசதி.

இன்னொரு நுணுக்கம். பொதுவாக நீங்கள் கட்டும் பணம் பழைய பாக்கியில் முதலில் கழியும். நாள் எண்ணிக்கையும் மிகப் பழைய பாக்கியில் இருந்துதான் தொடங்கும். அதனால் மூன்றும் கட்ட முடியாவிட்டாலும், 90 நாளுக்குள் ஒரு முழுத் தவணையைக் கட்டினால் என்.பி.ஏ. தேதி ஒரு மாதம் தள்ளிப்போகும். என்.பி.ஏ. ஆன பிறகு இந்த வழி மூடிவிடும். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லிவிட்டது: ஒருமுறை என்.பி.ஏ. ஆகிவிட்டால், எல்லாப் பாக்கியையும் முழுமையாகக் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும்.

சர்ஃபேசி சட்டம் என்றால் என்ன?

முன்பு வங்கி ஒரு வீட்டை விற்று கடனை வசூலிக்க வேண்டும் என்றால் கோர்ட்டுக்குப் போக வேண்டும். சிவில் கேஸ் வருடக்கணக்கில் இழுக்கும். 1993-ல் கடன் மீட்புத் தீர்ப்பாயங்களுக்கான சட்டம் வந்தது. அதுவும் போதவில்லை என்று 2002-ல் வந்ததுதான் சர்ஃபேசி சட்டம். இதன் சாரம்: அடமானம் வைத்த சொத்தைக் கைப்பற்றி ஏலம் விட, வங்கி முதலில் கோர்ட் படி ஏற வேண்டியதில்லை. ஆட்சேபம் இருந்தால் படி ஏற வேண்டியவர் நீங்கள்.

இந்தச் சட்டம் உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் 2004 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. சட்டம் செல்லும் என்றார்கள். ஆனால், கேட்ட தொகையில் 75% கட்டினால்தான் தீர்ப்பாயத்தில் முறையிடலாம் என்ற நிபந்தனையை ரத்து செய்தார்கள். கையில் காசில்லாதவர் இன்று தீர்ப்பாயத்தின் கதவைத் தட்ட முடிவது அந்தத் தீர்ப்பால்தான்.

யாருக்கெல்லாம் இந்த அதிகாரம்? வங்கிகள், இதற்காக அறிவிக்கப்பட்ட ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனங்கள், கூட்டுறவு வங்கிகள் (இதை 2020 மே மாதம் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது). மற்ற என்.பி.எஃப்.சி.க்களில் 100 கோடி ரூபாய்க்குக் குறையாத சொத்து உள்ளவை, 20 லட்சத்தில் தொடங்கும் கடன்களுக்கு இதைப் பயன்படுத்தலாம். 20 லட்சம் என்ற இந்த வரம்பு 2021-ல் வந்தது. அதற்கு முன் 50 லட்சம். "இது சின்ன லோன்தானே" என்று நினைக்கும் நம்மைப் போன்றவர்கள் பலர் உள்ளே வந்தது அப்போதுதான்.

படிப்படியாக: எந்தக் கட்டத்தில் எத்தனை நாள்?

1. 13(2) நோட்டீஸ்: 60 நாள். மொத்தக் கடனையும் 60 நாளுக்குள் கட்டச் சொல்லும் நோட்டீஸ் இது. கடன் வாங்கியவர், கோ-அப்ளிகன்ட், ஜாமீன்தாரர், மனையை அடமானம் வைத்த அப்பா என எல்லாருக்கும் போகும்.

2. உங்கள் ஆட்சேபம்: வங்கிக்கு 15 நாள். நோட்டீஸுக்கு நீங்கள் எழுத்தில் பதில் கொடுக்கலாம். தொகை தவறு, கட்டிய பணம் வரவு வைக்கப்படவில்லை, வேலை போய்விட்டது, அவகாசம் வேண்டும் என எதுவானாலும் சரி. வங்கி அதை ஏற்கவில்லை என்றால் 15 நாளுக்குள் காரணத்துடன் பதில் தர வேண்டும். இது 13(3ஏ) பிரிவு. இந்தக் கடிதத்தைப் பெரும்பாலானவர்கள் எழுதுவதே இல்லை. தயவுசெய்து எழுதுங்கள். பின்னால் தீர்ப்பாயத்தில் உங்கள் முதல் ஆதாரம் அதுதான்.

3. 13(4) நடவடிக்கை: சொத்தைக் கைப்பற்றுதல். 60 நாள் முடிந்ததும் வங்கி "சுவாதீன அறிவிப்பு" ஒட்டும். பெரும்பாலும் முதலில் காகித அளவில்தான் சுவாதீனம். வீட்டில் ஆள் இருப்பார்கள், கதவில் நோட்டீஸ் இருக்கும். 7 நாளுக்குள் இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் வரும். அதில் ஒன்று தமிழில் இருக்க வேண்டும். ஊர் முழுக்கத் தெரிவது இந்தக் கட்டத்தில்தான்.

4. தீர்ப்பாயம்: 45 நாள். 13(4) நடவடிக்கை எடுத்த நாளில் இருந்து 45 நாளுக்குள் 17-ஆம் பிரிவின் கீழ் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். தென் மாவட்டங்களுக்கு மதுரையில் தீர்ப்பாயம் இருக்கிறது. சாதாரண சிவில் கோர்ட்டில் தடை வாங்க முடியாது, சட்டமே அதைத் தடுக்கிறது. ஹைகோர்ட்டுக்கு நேராகப் போவதையும், தீர்ப்பாயம் என்ற வழி இருக்கும்போது ஊக்குவிக்கக் கூடாது என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தீர்ப்பாயத்தில் தோற்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அங்கே கடனில் 50% கட்ட வேண்டும், தீர்ப்பாயம் நினைத்தால் 25% வரை குறைக்கலாம்.

5. 14-ஆம் பிரிவு: கலெக்டர் வழியாக. நீங்கள் வீட்டை ஒப்படைக்கவில்லை என்றால் வங்கி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ மனு போடும். உத்தரவுக்குச் சட்டம் 30 நாள் தருகிறது, காரணம் எழுதி 60 நாள் வரை நீட்டிக்கலாம். போலீஸ் பாதுகாப்போடு வந்து பூட்டுப் போடுவது இந்த உத்தரவுக்குப் பிறகுதான். இது இல்லாமல் வசூல் ஆள்கள் வந்து வலுக்கட்டாயமாகப் பூட்ட முடியாது.

6. ஏல அறிவிப்பு: 30 நாள். அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் மதிப்புப் போட்டு, குறைந்தபட்ச விலை நிர்ணயித்து, ஏலத்துக்கு முன் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். முதல் ஏலத்தில் யாரும் எடுக்கவில்லை என்றால் அடுத்த ஏலத்துக்கு 15 நாள் போதும்.

கடைசி வாசல் எங்கே மூடுகிறது?

"ஏல நாள் காலையில் பணத்தைக் கொண்டுபோய்க் கட்டினால் வீட்டை மீட்டுவிடலாம்" என்று பலர் நம்புகிறார்கள். ஒரு காலத்தில் அது சரி. இப்போது இல்லை.

2016-ல் 13(8) பிரிவைத் திருத்தினார்கள். அதன்படி ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்பே மொத்தப் பணத்தையும் கட்ட வேண்டும். 2023 செப்டம்பரில் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அறிவிப்பு வெளிவந்துவிட்டால் மீட்கும் உரிமை முடிந்தது.

அதனால் காலண்டரில் நீங்கள் வட்டம் போட வேண்டியது ஏலத் தேதியை அல்ல. ஏல அறிவிப்புத் தேதியை. அது உங்களுக்கு முன்கூட்டித் தெரியாது என்பதால், 13(2) நோட்டீஸ் வந்த அன்றே ஓடத் தொடங்க வேண்டும்.

ஏலத்துக்குப் பிறகு?

வீடு கடனைவிட அதிகத்துக்குப் போனால், செலவு போக மிச்சம் உங்களுக்கு வர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

குறைவாகப் போனால்? உதாரணத்துக்கு வட்டி, செலவு எல்லாம் சேர்த்து 27 லட்சம் ஆகிவிட்டது, வீடு 22 லட்சத்துக்குப் போனது. மீதி 5 லட்சத்துக்கு வங்கி சிவில் கோர்ட்டில் உங்கள் மீது வழக்குப் போடலாம். ஜாமீன்தாரர் மீதும்தான். வீடும் போய், கடனும் மிச்சம்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அமெரிக்க வீடியோக்கள் பார்த்து "சாவியை பேங்க்ல கொடுத்துட்டா கதை முடிஞ்சுது" என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் வீடு வாங்க எடுத்த கடனுக்கு அப்படி ஒரு பாதுகாப்பு உண்டு. இங்கே கிடையாது. அதிலும் சொந்த ஊரில் கட்டிய வீட்டுக்கு வாங்குபவர் கூட்டம் நகரத்து ஃபிளாட்டுக்கு வருவது போல வராது. நீங்கள் ஆசையாகப் போட்ட கிரானைட்டுக்கும் தேக்குக் கதவுக்கும் ஏலத்தில் அதே மதிப்புக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நம்ம ஊரில் நம்பப்படும் மூன்று தவறுகள்

*"இது புஞ்சை நிலம், பேங்க் தொட முடியாது."*
சர்ஃபேசி சட்டத்தின் 31-ஆம் பிரிவு விவசாய நிலத்துக்கு விலக்கு தருகிறது, உண்மை. ஆனால் பட்டாவில் புஞ்சை என்று இருப்பது மட்டும் போதாது. இந்தியன் வங்கி சம்பந்தப்பட்ட ஒரு தமிழ்நாட்டு வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஆவணம், நிலம் உண்மையில் எதற்குப் பயன்படுகிறது, கடன் எதற்காக வாங்கப்பட்டது என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பருத்தியும் உளுந்தும் விளையும் காடு வேறு. அதில் பிளான் அப்ரூவல் வாங்கி மாடி வீடு கட்டி, அதன் மேல் ஹோம் லோனும் வாங்கிவிட்டு "விவசாய நிலம்" என்றால் எடுபடுவது கஷ்டம். அதே 31-ஆம் பிரிவில் இன்னும் இரண்டு விலக்குகள் உண்டு: கடன் பாக்கி ஒரு லட்சத்துக்கு மேல் போகாமல் இருந்தால், அல்லது பாக்கி மொத்த அசல், வட்டியில் 20 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால், இந்தச் சட்டத்தைப் பயன்படுத்த முடியாது.

*"தேர்தல் வந்தா தள்ளுபடி வரும்."*
கரிசல் பூமியில் இந்த நம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது. 1938-லேயே ராஜாஜி அமைச்சரவை மதராஸ் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்து பழைய வட்டிப் பாக்கிகளைக் கழித்தது. 2006-ல் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி. 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி. பிறகு தகுதியானவர்களுக்கு ஐந்து பவுன் வரை கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி. தாத்தாவும் அப்பாவும் கண்ணால் பார்த்தது இது. ஆனால் எல்லாவற்றிலும் பொதுவான விஷயத்தைக் கவனிங்க: விவசாயம் அல்லது கூட்டுறவு. சம்பளக்காரர் வங்கியில் வாங்கிய ஹோம் லோன் இந்தப் பட்டியலில் வராது.

*"நோட்டீஸை வாங்காம திருப்பி அனுப்பிட்டா செல்லாது."*
வாங்க மறுத்தால் கதவில் ஒட்டி, பேப்பரில் விளம்பரம் கொடுத்தால் போதும் என்று விதி இருக்கிறது. நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நம் ஆள்களுக்கு இதில் தனிச் சிக்கல். நோட்டீஸ் போவது கயத்தாறு முகவரிக்கு. நீங்கள் இருப்பது வேளச்சேரியில். "பையன் ஏற்கெனவே கஷ்டத்துல இருக்கான், இதை வேற சொல்லணுமா" என்று அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவார். 60 நாளில் 40 நாள் அங்கேயே போய்விடும். வங்கியில் உங்கள் இப்போதைய முகவரி, மொபைல், மெயில் மூன்றையும் புதுப்பித்து வையுங்கள். வீட்டிலும் சொல்லிவையுங்கள்: பேங்க் கவர் வந்தால் பிரித்து போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும்.

அப்போ அரசு ஒன்றுமே செய்யாதா?

2008 நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கா 2009-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. தகுதியுள்ள குடும்பத்தின் மாதத் தவணையை, வருமானத்தில் 31 சதவீதம் அளவுக்குக் குறைத்து, அதற்காகக் கடன் நிறுவனங்களுக்கு அரசு ஊக்கத்தொகையும் கொடுத்தது. 2016 வரை அது இருந்தது.

நம் நாட்டில் அப்படி நிரந்தரத் திட்டம் இல்லை. பெரிய நெருக்கடி வரும்போது தற்காலிகமாக ஏதாவது வரும். கொரோனா காலத்தில் 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணை தள்ளிவைப்பு கிடைத்தது. பிறகு 2020-லும் 2021-லும் கடன் மறுசீரமைப்புத் திட்டங்கள். இயற்கைச் சீற்றத்துக்கும் ரிசர்வ் வங்கியின் நிவாரண வழிகாட்டுதல்கள் உண்டு. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழை மாதிரியான நேரங்களில், பாதிக்கப்பட்டவர்கள் வங்கியில் எழுதிக் கொடுத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். தானாக எதுவும் நடக்காது.

தவணைத் தள்ளிவைப்பு இலவசம் அல்ல என்பதையும் நம் கணக்கிலேயே பார்த்துவிடுவோம். 24.02 லட்சம் மீதி இருக்கும்போது ஆறு மாதம் கட்டாமல் விட்டு, வட்டியை அசலில் சேர்த்தால் மீதி சுமார் 25.12 லட்சம். இரண்டு வருடம் கட்டிய பிறகும், முதலில் வாங்கியதைவிட அதிகக் கடன்! வேறு வழி இல்லாதபோது மட்டும் எடுக்க வேண்டிய மருந்து இது.

வேலை போனால், இந்த வரிசையில் செய்யுங்கள்

ஒன்று: முதல் தவணை தவறும் முன்பே கிளைக்குப் போங்கள். மறுசீரமைப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, சீல் போட்ட நகல் வாங்குங்கள். அது கிடைத்தால் சிபில் ரிப்போர்ட்டில் பதிவாகும், ஆனால் ஏலத்தைவிட நல்லது. என்ன கிடைக்கும் என்பதிலும் பெரிய கனவு வேண்டாம். நம் உதாரணத்தில் மீதமுள்ள 18 வருடத்தை 25 வருடமாக நீட்டினால் இ.எம்.ஐ. 22,493-ல் இருந்து சுமார் 20,157-க்குத்தான் இறங்கும். காரணம், அந்த மாத வட்டி மட்டுமே 18,015 ரூபாய்.

இரண்டு: அபராதத்தைச் சரிபாருங்கள். ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் விதிப்படி, தவறிய தவணைக்குக் கட்டணம்தான் போடலாம், அபராத வட்டி என்று கூடுதல் வட்டி போட முடியாது. அந்தக் கட்டணத்தை அசலில் சேர்த்து அதற்கு வட்டி போடவும் முடியாது. ஸ்டேட்மென்ட் வாங்கிப் பாருங்கள்.

மூன்று: வசூல் ஆள்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் உங்களைத் தொடர்பு கொள்ளக் கூடாது. மிரட்டுவது, அக்கம்பக்கத்தில் அசிங்கப்படுத்துவது எல்லாமே தடை. நடந்தால் முதலில் வங்கியில் எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேன். கட்டணம் இல்லை.

நான்கு: கட்டவே முடியாது என்று தெரிந்தால், நீங்களே விற்றுவிடுங்கள். இது மனசுக்குக் கஷ்டமான ஆலோசனைதான். ஆனால் நீங்கள் ஆள் தேடி நிதானமாக விற்கும் விலையும், ஏலத்தில் போகும் விலையும் ஒன்றாக இருக்காது. இதற்கும் காலக்கெடு உண்டு. 13(2) நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் சொத்தை விற்க முடியாது.

ஐந்து: ஒன் டைம் செட்டில்மென்ட் கேட்கலாம். ஆனால் அது உங்கள் உரிமை அல்ல, வங்கியின் விருப்பம். சிபிலில் "செட்டில்டு" என்று விழும், அடுத்த கடன் கடினமாகும். எழுத்தில் கடிதம் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

ஆறு: இ.எம்.ஐ. கட்டக் கந்துவட்டி வாங்காதீர்கள். 9 சதவீதக் கடனைக் காப்பாற்ற மாதம் பத்து வட்டிக்குப் போவது, வருடத்துக்கு 120 சதவீதம். 2003-ல் இருந்தே தமிழ்நாட்டில் கந்துவட்டிக்குத் தடைச் சட்டம் இருக்கிறது. இருந்தும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தில் ஒரு குடும்பத்துக்கு நடந்ததை நம் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். வங்கி நோட்டீஸ் பயமுறுத்தும், ஆனால் அதற்கு 60 நாள், 45 நாள் என்று கணக்கு உண்டு. மீட்டர் வட்டிக்குக் கணக்கே கிடையாது. கடன் பாரம் தாங்க முடியாமல் தப்பான எண்ணம் வந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். வீடு போனால் இன்னொரு வீடு கட்டலாம்.

நோட்டீஸ் வந்துவிட்டால் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் பழக்கமுள்ள வக்கீலைப் பாருங்கள். வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவிக்குத் தகுதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஏலத்தில் வரும் வீட்டை வாங்கலாமா?

பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகள் இப்போது "பேங்க்நெட்" இணையதளத்தில் வருகின்றன. விலை குறைவாகத் தெரியும். இறங்கும் முன் மூன்று விஷயம்.

முதலாவது, சுவாதீனம் காகிதத்திலா, நேரிலா? காகிதம் என்றால் உள்ளே குடியிருப்பவரை வெளியேற்றும் வேலை மிச்சம் இருக்கிறது. இரண்டாவது, தீர்ப்பாயத்தில் வழக்கு இருக்கிறதா? வில்லங்கச் சான்று, வீட்டு வரி, மின் கட்டணப் பாக்கி எல்லாம் பாருங்கள். "உள்ளது உள்ளபடி" என்றுதான் விற்பார்கள். மூன்றாவது, பணம். ஏலம் எடுத்த அன்றோ அடுத்த வேலை நாளிலோ 25% கட்ட வேண்டும். மீதி 75% பொதுவாக 15 நாளில். லோன் வருவதற்குள் கெடு முடிந்தால் 25 சதவீதமும் போய்விடும். அப்படிப் பறிமுதல் செய்தது செல்லும் என்று, சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா சம்பந்தப்பட்ட ஒரு தமிழ்நாட்டு வழக்கில் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. லோன் சாங்ஷன் கையில் இல்லாமல் ஏலத்தில் உட்காராதீர்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

• ஆறு மாத இ.எம்.ஐ.யைத் தனியாக ஒரு எஃப்.டி.யில் போடத் தொடங்குங்கள். நம் உதாரணத்தில் 1,34,958 ரூபாய். வீட்டுச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்ட் வேறு, இது வேறு. 90 நாள் கணக்கு உங்களுக்கு எதிராக ஓடாமல் இருக்க இது ஒன்றுதான் வழி.
• கடன் தொகைக்குக் குறையாத டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுங்கள். கடன் உங்கள் பெயரில், மனை அப்பா பெயரில். உங்களுக்கு ஏதாவது ஆனால் நோட்டீஸ் அவர் பெயருக்குத்தான் வரும்.
• லோன் அக்ரிமென்ட்டை எடுத்து, கடன் கொடுத்தது வங்கியா, ஹவுசிங் ஃபைனான்ஸா, என்.பி.எஃப்.சி.யா என்று பாருங்கள். யாரெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.
• வங்கியில் உள்ள முகவரியைப் புதுப்பியுங்கள்.
• கடனை முடித்தவர்கள்: 30 நாளுக்குள் பத்திரம் திரும்ப வர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று 2023 டிசம்பரில் இருந்து விதி இருக்கிறது.

கடைசியாக, இன்று ராத்திரி ஊருக்குப் போன் பண்ணும்போது "பேங்க்ல இருந்து ஏதாவது கவர் வந்துச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வரவில்லை என்றால் சந்தோஷம். வந்திருந்தால், கவரில் உள்ள தேதியைப் பார்த்து எண்ணத் தொடங்குங்கள்.